ஒரே மூட்டைக் கோதுமை

2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் தாலுகாவின் சில கிராமங்களில், ஆட்களுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. நமக்கெல்லாம் தினமும் சீப்பில் வருகிற மாதிரி இல்லை. முதலில் தலை அரித்தது. சிலருக்குத் தலைவலி, காய்ச்சல், சிலருக்கு வாந்தி. அடுத்த சில நாட்களில் லேசாக இழுத்தாலே கொத்தாகக் கையோடு வந்தது. ஒரு வாரத்துக்குள் மொட்டை. ஆண், பெண், குழந்தை என்ற வித்தியாசமே இல்லை. ஜனவரியில் டிவிக்காரர்கள் போய் இறங்கியபோது அதற்கு ஒரு பெயரும் கிடைத்திருந்தது: 'டக்கல் வைரஸ்'. மராத்தியில் டக்கல் என்றால் வழுக்கை.

தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். சோதித்ததில் நைட்ரேட் அதிகம் இருந்தது, ஆனால் நைட்ரேட்டுக்கு முடி கொட்டாது. பூஞ்சை என்றார்கள். ஷாம்பூ என்றார்கள். ஷாம்பூவே போடாதவர்களுக்கும் கொட்டியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குழு வந்து மாதிரிகள் எடுத்துப் போனது. கூடவே ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற மருத்துவரும் அந்த ஊர்களுக்குப் போனார். கொங்கண் பக்கம் மகாட் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு, செந்தேள் கடிக்கு பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையை மருந்தாக்கிக் காட்டியவர். 2022-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவருடைய சந்தேகம் ரேஷன் கோதுமை மேல் விழுந்தது.

18 கிராமங்களில் 279 பேர். அவர் பரிசோதிக்கக் கொடுத்த மாதிரிகளில் செலினியம் என்ற தனிமத்தின் அளவு ரத்தத்தில் 35 மடங்கு, சிறுநீரில் 60 மடங்கு, முடியில் 150 மடங்கு கூடியிருந்ததாக அறிவித்தார். பஞ்சாபிலிருந்து வந்த ரேஷன் கோதுமைதான் காரணம் என்றார். அதற்குப் பஞ்சாபிலிருந்து எதிர்ப்பும் வந்தது. அந்தக் கோதுமையை நிறுத்திய ஐந்தாறு வாரத்தில் சிலருக்கு முடி திரும்ப முளைக்கத் தொடங்கியதாகவும் அவர் சொன்னார். ஆனால் அதற்குள் கல்லூரிப் பெண்கள் படிப்பை விட்டு வீட்டில் முடங்கியிருந்தார்கள். பேசி முடித்த கல்யாணங்கள் தடைப்பட்டதாகவும் செய்தி வந்தது.

இதை நான் விடாமல் படித்ததற்குக் காரணம், அப்போது எங்கள் வீட்டிலும் முடிதான் பேச்சு.

*

அம்மாவுக்கு ஹைப்போதைராய்டு. பல வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை. நாங்கள் அண்ணனூருக்குக் குடிவந்த புதிதில் அம்மாவின் பின்னல் இடுப்பைத் தாண்டும். இன்றைக்கு ஒரு சின்ன ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றினால்தான் நிற்கிறது. 'கொஞ்சம் கொட்டுது, வயசாகுதுல்ல' என்று வெளியே சொல்வாள். குளித்துவிட்டு வந்தால் பாத்ரூம் ஜாலியைத் தானே முதலில் சுத்தம் செய்துவிடுவாள், நாங்கள் யாரும் பார்க்கக்கூடாது என்று.

அமெரிக்காவிலிருந்து வந்த பெரியம்மா பெண், அக்கா, இதைக் கவனித்துவிட்டாள். அடுத்த முறை வரும்போது ஒரு பாட்டில் செலினியம் மாத்திரையும், ஒரு பாக்கெட் பிரேசில் நட்ஸும் கொண்டுவந்தாள். அது போதாதென்று அம்மா ஏற்கெனவே ஆன்லைனில் 'முடிக்கு' என்று வாங்கிய ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒன்றையும் தின்றுகொண்டிருந்தாள்.

"தைராய்டுக்கும் நல்லதாம், முடிக்கும் நல்லதாம்டி. அக்கா சொன்னா."

"ஒரு நாளைக்கு எவ்ளோ எடுத்துக்கற?"

"மாத்திரை ஒண்ணு. கொட்டை ரெண்டே ரெண்டு. அது என்ன விலை தெரியுமா, அள்ளியா திங்க முடியும்?"

அக்கா சொன்னதில் தவறில்லை. நம் உடம்பில் ஒரு கிராம் திசுவுக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் செலினியம் அதிகமாக இருக்கும் இடம் தைராய்டு சுரப்பிதான். அம்மா விழுங்கும் தைராக்சின் உடம்புக்குள் போய்ச் செயல்படும் ஹார்மோனாக மாறுவதற்கு ஒரு நொதி வேண்டும். அந்த நொதிக்குள் செலினியம் இருக்கிறது. எனவே தைராய்டு சரியில்லாதவர்களுக்குச் செலினியம் கொடுத்தால் நல்லது என்று தோன்றுவது இயல்பு. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள்களின் அளவு செலினியத்தால் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரிப்போர்ட்டில் எண் குறைவதால் ஆளுக்கு என்ன சுகம் என்பதுதான் நிறுவப்படவில்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள். என் வேலையில் தினமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த மதிப்பை மாற்றுவதற்கு முன்னால் இப்போது அது என்னவாக இருக்கிறது? அம்மாவின் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைத்தான் கேட்டேன். அதன் பதிலைத் தேடித்தான் மண்ணியல், சீன கிராமங்கள், பின்லாந்து உரம் என்று எங்கெங்கோ போக வேண்டி வந்தது.

*

1817-ல் ஸ்வீடனில் பெர்சீலியஸ் என்ற வேதியியலாளர், கந்தக அமிலத் தொழிற்சாலையின் அடியில் தங்கிய செந்நிற வண்டலில் இதைக் கண்டுபிடித்தார். முதலில் டெல்லூரியம் என்று நினைத்தார். டெல்லூரியம் பூமியின் பெயரால் வந்த சொல். அதற்கு உறவான வேறொரு தனிமம் இது என்று தெரிந்ததும் நிலாவின் பெயரை, கிரேக்கத்தின் செலீனே என்ற பெயரை, வைத்தார். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு இது வெறும் விஷம். மாடு, குதிரைகளுக்குக் குளம்பு கழன்று போகும் நோய்க்குக் காரணம். 1957-ல்தான் கிளாவ்ஸ் ஷ்வார்ஸ் என்பவர், எலிகளின் கல்லீரலைக் காப்பாற்றும் ஒரு பொருளுக்குள் செலினியம் இருப்பதைக் கண்டு, இது உணவில் தேவையானதும்கூட என்று காட்டினார்.

மனித உடம்பில் செலினியம் உள்ள புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் 25. அவை எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. மரபுக் குறியீட்டில் யுஜிஏ என்ற மூன்றெழுத்து வந்தால் 'புரதம் முடிந்தது, நிறுத்து' என்று அர்த்தம். ஆனால் இந்த 25 மரபணுக்களில் மட்டும் அதே மூன்றெழுத்துக்கு 'நிறுத்தாதே, இங்கே செலினியம் உள்ள அமினோ அமிலத்தைச் சேர்' என்று அர்த்தம். எப்படித் தெரியும்? செய்தியின் பின்பகுதியில் ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்பு இருந்தால் ஒரு அர்த்தம், இல்லாவிட்டால் இன்னொரு அர்த்தம். இருக்கிற குறியீட்டையே இடம் பார்த்து வேறு வேலைக்கு வளைத்திருக்கிறது இயற்கை. என் டீமில் யாராவது இப்படி எழுதினால் விடமாட்டேன்.

செலினியம் பற்றாக்குறையானால் என்ன ஆகும்? அந்த இடத்தில் வாசிப்பு நின்றுபோகும், பாதிப் புரதம் வீணாகும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்காது. மின்வெட்டு நாட்களில் ஆஸ்பத்திரி லைனை விட்டுவைத்து மற்றதை அணைப்பார்களே, அந்த மாதிரி. கல்லீரலில் அளவு சரியும்போதும் மூளையும் தைராய்டும் தங்கள் பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுபக்கம், தேவையான அளவு கிடைத்து எல்லாப் புரதமும் உருவாகிவிட்டால், அதற்கு மேல் வரும் செலினியத்துக்கு அந்த வேலை இல்லை. குடம் நிரம்பின பிறகு குழாயைத் திறந்து வைத்தால் தரைதான் நனையும்.

குடத்தின் அளவும் சின்னது. நம் நாட்டுப் பரிந்துரை ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம், அமெரிக்காவில் 55. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதைத் தாண்டாதே என்று அமெரிக்கா வைத்திருக்கும் எல்லை 400. ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் அதை 255 ஆக இறக்கியது. எந்த அறிகுறியை வைத்து இறக்கினார்கள் என்று பார்த்தால், முடி கொட்டுவது.

இப்போது அம்மாவின் கணக்கு. மாத்திரை 200. பிரேசில் நட் ஒன்றில் சராசரியாக 90 வரை வரும், இரண்டுக்கு 180. ஜெல்லியின் டப்பாவில் பொடி எழுத்தில் 40. ஆக 420, சாப்பாட்டைச் சேர்க்காமலே. முடி கொட்டுகிறதே என்று எடுத்துக்கொண்டது, முடி கொட்டவைக்கும் அளவைத் தாண்டியிருந்தது.

*

சாப்பாட்டைச் சேர்க்காமல் என்றேன். அந்தச் 'சாப்பாடு' எவ்வளவு என்று யாராலும் ஒரு பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இரும்பு, கால்சியம் மாதிரி இல்லை இது. செடிக்குச் செலினியம் தேவையே இல்லை. தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பதால், கந்தகம் என்று நினைத்து வேர் உறிஞ்சிக்கொள்கிறது. மண்ணில் இருந்தால் தானியத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஒரே ரகக் கோதுமை, இரண்டு ஊர் மண், பல மடங்கு வித்தியாசம்.

ஒரே நாட்டுக்குள் இதன் இரண்டு கோடியையும் பார்த்தது சீனா. வடகிழக்கில் கேஷான் என்ற ஊரில் 1935-ல் திடீரென ஆட்கள் இதயம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகளும் குழந்தை பெறும் வயதுப் பெண்களும். மண்ணில் செலினியம் கிட்டத்தட்ட இல்லை, உண்பதெல்லாம் அந்த மண்ணில் விளைந்தது. 1974-ல் சிச்சுவான் மாகாணத்தில் குழந்தைகளுக்குச் சோதனை முறையில் செலினிய மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை பெற்ற 4510 பேரில் 10 பேருக்கு நோய் வந்தது. பெறாத 3985 பேரில் 54 பேருக்கு வந்தது.

அதே சீனாவில் ஹூபேயின் என்ஷியில் 1961 முதல் 1964 வரை ஆட்களின் முடியும் நகமும் உதிர்ந்தன. மிக மோசமான ஐந்து கிராமங்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. அங்கே நிலக்கரிப் பாறையிலிருந்து மண்ணுக்குச் செலினியம் வந்துகொண்டிருந்தது. அது முன்பும் அங்கேதான் இருந்தது. வறட்சியில் நெல் பொய்த்துப்போக, எல்லோரும் அந்த மண்ணின் மக்காச்சோளத்தை மட்டுமே தின்ன வேண்டி வந்ததும்தான் முடி கொட்டியது.

கேஷானில் இன்னொரு விஷயமும் உண்டு. செலினியக் குறைவு மட்டும் போதாது, காக்சாக்கி என்ற வைரஸும் சேர்ந்தால்தான் அந்த இதய நோய் என்று பிறகு தெரியவந்தது. 1990களில் மெலிண்டா பெக் என்ற ஆய்வாளர், இதயத்தைத் தாக்காத ஒரு சாதுவான காக்சாக்கி வைரஸைச் செலினியம் குறைந்த எலிகளுக்குள் விட்டார். வைரஸின் மரபணு மாறி, அது இதயத்தைத் தாக்க ஆரம்பித்தது. அந்த மாறிய வைரஸை எடுத்து நன்றாகத் தின்று வளர்ந்த எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் இதயமும் கெட்டது. பக்கத்துத் தெருக்காரரின் பசி நம் வீட்டு வாசலுக்கும் வரும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பரிசோதனையும் எனக்குச் சொன்னதில்லை.

இந்தியாவில் செலினியம் மிகுந்த மண் எங்கே? பஞ்சாபில், நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களில் சில கிராமங்கள். சிவாலிக் மலையிலிருந்து வெள்ளத்தோடு இறங்கி வந்த மண். லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தில்லோன் தம்பதி அந்த வயல்களிலேயே வருடக்கணக்காக வேலை பார்த்து எழுதியிருக்கிறார்கள். மாடுகளுக்குக் குளம்பு கழன்றது, கொம்பு பெயர்ந்தது, ஆட்களுக்கு முடியும் நகமும் போனது. அந்த நிலத்தில் ஜிப்சம் போட்டால் பயிருக்குள் போகும் செலினியம் குறையும் என்றும் கண்டுபிடித்தார்கள். ஜிப்சத்தில் இருப்பது கந்தகம். ஏமாந்துகொண்டிருந்த வேருக்கு அசல் சரக்கையே நிறையக் கொடுத்துவிடுவது.

*

அப்படியானால் மாத்திரை என்பதே வேண்டாத வேலையா? அப்படியும் சொல்ல முடியாது. 1996-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, தோல் புற்றுநோய் வந்த 1312 பேருக்கு நடத்தப்பட்டது. தினமும் 200 மைக்ரோகிராம் செலினியம் எடுத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் குறையவில்லை. ஆனால் மொத்தப் புற்றுநோய் மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. அவ்வளவுதான், கடைகளில் செலினியம் பறந்தது. இதை உறுதிசெய்ய 2001-ல் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. 35,533 ஆண்கள். 2008-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள், பலன் இல்லை. ஏன்? முதல் ஆய்வில் இருந்தவர்கள் அமெரிக்காவிலேயே செலினியம் குறைந்த மண்ணுள்ள பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அவர்களிலும் ஆரம்பத்தில் அளவு குறைந்திருந்தவர்களுக்குத்தான் பலன். இரண்டாவது ஆய்வில் வந்தவர்களின் குடம் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

அந்த ஆண்கள் ஆரம்பத்திலேயே தங்கள் கால் நகத்தை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். நகம் ஒரு லாக் ஃபைல் மாதிரி, கடந்த சில மாதங்களின் செலினியம் அதில் பதிவாகியிருக்கும். அதை எடுத்துப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள்: ஏற்கெனவே செலினியம் அதிகமிருந்து, அதற்கு மேல் மாத்திரையும் எடுத்தவர்களுக்கு, தீவிர வகைப் புராஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு 91 சதவீதம் கூடியிருந்தது. ஒரே மாத்திரை, ஒரே 200. வாங்கிக்கொண்ட உடம்பு எங்கே நின்றுகொண்டிருந்தது என்பதைப் பொறுத்து மருந்தாகவோ வினையாகவோ ஆகியிருக்கிறது.

இதை ஒரு நாடே புரிந்துகொண்டு செயல்பட்டது பின்லாந்தில். அங்கே மண்ணில் செலினியம் எடுபடாது. ஆளுக்கு ஒரு மாத்திரை என்று போகாமல், 1984-ல் முடிவெடுத்து, உரத்திலேயே கலந்தார்கள். தானியப் பயிர் உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம். கலந்துவிட்டுப் போய்விடவில்லை. கோதுமை, பால், இறைச்சி, மனித ரத்தம் எல்லாவற்றையும் வருஷா வருஷம் அளந்தார்கள். அளவு போதுமென்று தெரிந்ததும் 1990-ல் 6 ஆக்கினார்கள், பிறகு குறைகிறதென்று 1998-ல் 10 ஆக்கினார்கள். நாங்கள் ஒரு மாற்றத்தை வெளியிட்டுவிட்டு ராத்திரியெல்லாம் கிராஃபைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அதையே ஒரு நாடு பல பத்தாண்டுகளாகச் செய்கிறது.

நம் பக்கம் என்ன? இந்தியாவில் சுமார் 80 கோடிப் பேர் அரசு கொடுக்கும் தானியத்தைத் தின்கிறார்கள். உலகத்தில் இவ்வளவு பெரிய ஏற்பாடு வேறு கிடையாது, அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. கொள்முதலின்போது ஈரம் எவ்வளவு, உடைந்த மணி எவ்வளவு, சுருங்கியது எவ்வளவு, கல் மண் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். செலினியம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கோ ஓர் ஊர் மண்ணில் விளைந்தது ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி இன்னோர் ஊருக்கு மொத்தமாகப் போய் இறங்கும். வசதியுள்ள வீட்டில் பஞ்சாப் கோதுமையோடு ஆந்திரா அரிசி, நாமக்கல் முட்டை, காசிமேட்டு மீன், வாஷிங்டன் ஆப்பிள் எல்லாம் கலந்துவிடும். பத்து மண்ணைத் தின்பவனுக்கு ஒரு மண்ணின் கோளாறு தெரியாது. இரண்டு வேளையும் ரேஷன் கோதுமை ரொட்டி மட்டுமே உள்ளவன் தட்டில் ஒரே மண்தான். என்ஷியில் வறட்சி செய்ததைப் புல்டாணாவில் வறுமை செய்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து அளக்கும் கருவி நம் நாட்டு ஆய்வகங்களில் இருக்கிறது. எல்லா மூட்டையையும் அளக்கச் சொல்லவில்லை. மண் எங்கே எப்படி என்று தெரிந்த பகுதிகளிலிருந்து வரும் சரக்கை மட்டுமாவது பார்க்கலாம், மற்ற ஊர்க் கோதுமையோடு கலந்து அனுப்பலாம். முடி கொட்டின பிறகு வைரஸைத் தேடுவதைவிட அது மலிவு.

*

அம்மாவின் டாக்டரிடம் மூன்று டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். "இதெல்லாம் எதுக்கும்மா, யாரு எழுதிக் குடுத்தா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். மூன்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, ரத்தத்தில் இரும்பைப் பார்க்கச் சொன்னார். அது குறைவாக இருந்தது. இப்போது இரும்பு மாத்திரை போகிறது, தைராக்சினுக்கும் அதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி விட்டு. கொட்டுவது ஓரளவு குறைந்திருக்கிறது. செலினியத்தை நிறுத்தியதாலா, இரும்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் அப்படித்தான்.

அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் கொஞ்சம் வருத்தப்பட்டாள். "அங்க எல்லாரும் எடுத்துக்கறாங்கடி" என்றாள். அங்கே கோதுமை விளையும் மண் வேறு, இங்கே வேறு, நமக்கு எவ்வளவு இருக்குன்னே தெரியாம போட்டுக்கறதுதான் பிரச்சனை என்றேன். "அப்ப சித்திக்கு என்னதான் வாங்கிட்டு வர்றது?" என்றாள். முட்டை ஒன்றில் சுமார் 15 மைக்ரோகிராம் இருக்கிறது, மத்தி மீனில் அதைவிட நிறைய. இரண்டுமே ஆவடி மார்க்கெட்டில் கிடைக்கும், ஃபிளைட் ஏற்ற வேண்டாம் என்றேன்.

போன வாரம் ரேஷனில் அரிசிக்குப் பதிலாகக் கொஞ்சம் கோதுமை போட்டார்கள். அம்மா வழக்கம்போல அதைக் கழுவிக் காயவைத்து, கடையில் வாங்கிய கோதுமையோடு சரிபாதி கலந்து, ஒரு பிடி கொண்டைக்கடலையும் போட்டு மில்லுக்குக் கொடுத்தாள். ரேஷன் கோதுமையை மட்டும் அரைத்தால் சப்பாத்தி வறட்டி மாதிரி வரும் என்பது அவள் காரணம். இட்லிக்கு ரேஷன் அரிசி, சோற்றுக்குக் கடை அரிசி என்பதும் அப்படித்தான். செலினியம் பற்றி நான் இவ்வளவு பேசியும் அவள் அந்த வழக்கத்துக்குப் புதுக் காரணம் எதையும் சேர்த்துக்கொள்ளவில்லை. மாவு டின்னை மூடிவிட்டு, "நாளைக்கு மத்தி கிடைச்சா வாங்கிட்டு வா, பெருசா இருந்தா வேணாம்" என்று மட்டும் சொன்னாள்.